முந்நூறு போன்களும் ஒரு ஷூட்டிங்கும்

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அட்மின் சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அறையின் சுவர் முழுக்க மர அடுக்குகள். அடுக்குகள் நிறைய போன்கள், மொத்தம் முந்நூறு. போனுக்கு ஒரு போலிக் கணக்கு; அட்மின் சொல்வதைப் பத்துப் பேர் உட்கார்ந்து அவற்றில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு திரில்லர் படம் வெளியாகிறது. இணையத்தில் வெறுப்பைக் கூலிக்கு விற்பவர்களைப் பற்றிய படம். அது முதல் நாளே படுத்துவிட வேண்டும் என்று ஒரு பெரிய இடத்துக்கு ஆசை. ஆகவே அதை இயக்கிய பெண் கதையைத் திருடியவள், லைட்மேனை அடித்தவள், வளர்த்த நாயைத் தெருவில் விட்டவள் என்று மூன்று நாளாக முந்நூறு வாய்கள் கத்திக்கொண்டிருந்தன. அத்தனையும் அட்மினின் கற்பனை. அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள் என்று கேள்வி.

"மாமா, போலீஸ்!" என்று ஓடி வந்தான் மச்சினன். "மாட்டினா எல்லாரும் கம்பி எண்ண வேண்டியதுதான்!"

அட்மின் லேசுப்பட்ட ஆளில்லை. முந்நூறு பேராக நடிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் ஒரு வேஷம் போடுவதா பெரிய விஷயம்?

"உன் கல்யாண கேமராவை எடுத்து ஸ்டாண்டுல வைடா. யாரும் எந்திரிக்காதீங்க. தட்டிக்கிட்டே இருங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வந்தார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"கட்!" என்று தொண்டை கிழியக் கத்தினார் அட்மின். "யாருய்யா அது, ஷாட்டுக்கு நடுவுல? ஐயோ மேடம், நீங்களா! மன்னிச்சுக்குங்க. படம் எடுத்துக்கிட்டு இருக்கோம். சோஷியல் மீடியா வெறுப்பைப் பத்தின திரில்லர்."

இன்ஸ்பெக்டர் போன்களைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஷூட்டிங்கா! இதெல்லாம் செட்டா? அச்சு அசலா இருக்குங்களே!"

அட்மினுக்கு உச்சி குளிர்ந்தது. ஊருக்கெல்லாம் லைக் விற்ற மனிதருக்கு, நேரில் ஒருவர் வாயால் பாராட்டுக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"வில்லன் யாரு?"

"நான்தான் மேடம். டைரக்‌ஷனும் நான்தான்."

"அரெஸ்ட் சீன் இருந்தா எனக்கு ஒரு சின்ன வேஷம் கொடுங்களேன். யூனிபார்மைக்கூட வாடகைக்கு எடுக்க வேண்டாம்."

மறுத்தால் சந்தேகம் வரும். தவிர, அட்மினுக்கும் நடிப்பு ஆசை தலைக்கேறிவிட்டது. "ஆக்‌ஷன்!" என்றார்.

இன்ஸ்பெக்டர் மேஜையை ஓங்கித் தட்டினார். "யாருடா உன்னை ஏவி விட்டது?"

"சொல்ற ஆள் நான் இல்ல!" என்று வில்லன் சிரிப்பு சிரித்தார் அட்மின்.

இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க, நம்பற மாதிரி இல்ல. நிஜத்துல நாங்க போனைத் திறக்கச் சொல்லுவோம். அவனுக்குக் கை நடுங்கும். ஓன்னு அழுவான்."

ஒன்மோர் என்று அதே காட்சியை மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை அட்மின் நடுங்கினார், அழுதார், தன் சொந்த போனைக் கட்டைவிரலால் திறந்து நீட்டினார். "எல்லாம் நான்தான் செஞ்சேன்! அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல! எழுதினது பூரா என் கற்பனை!"

கான்ஸ்டபிள்கள் விசிலடித்தார்கள். "என்னமா நடிக்கறீங்க!" என்று இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதைப் பார்த்த பத்துப் பேருக்கும் பொறுக்கவில்லை. "மேடம், எங்களுக்கும் ஒரு சீன்!"

"விலங்கு ரெண்டு ஜோடிதான் இருக்கு. மத்தவங்க கையைக் கோத்துக்குங்க. கீழே வேன் வரைக்கும் ஒரே ஷாட்டா எடுத்துடலாம்."

முதல் ஆளாகப் போக அங்கே தள்ளுமுள்ளே நடந்தது. மச்சினன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. அட்மின் விலங்குக் கையை உயர்த்திக் கூட்டத்துக்குக் கும்பிடு போட்டார். போலீஸ் காதிலேயே பூச்சுற்றிவிட்ட சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோரும் ஏறிய பிறகு மச்சினனையும் கேமராவோடு ஏற்றிக்கொண்டார்கள்.

கதவு சாத்தப்பட்டது. வேன் கிளம்பியது. தெருமுனை வந்தது, போனது. சிக்னல் வந்தது, போனது.

"மேடம், ஷாட் ரொம்ப நீளமாப் போகுது. கட் சொல்லிடட்டுமா?"

இன்ஸ்பெக்டர் அட்மினின் போனை ஓர் உறைக்குள் போட்டு வாயை ஒட்டி, மேலே தேதியும் எழுதினார்.

"நீங்க சொல்லக் கூடாதுங்க. அதை ஜட்ஜ்தான் சொல்லணும்."