பச்சை எழுத்து

லிஃப்டை இயக்கும் நிரலைக் கொடுத்தாலே, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பாதியில் செத்து விழுந்தது. மேலாளர் தணிகாசலம் செய்த வைத்தியம் எளிது. விழுந்தாலும் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்தில் காட்டும்படி மாற்றச் சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். விழுவதன் காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருந்த பூங்கோதைக்கு அந்தக் கைகளைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

அரைகுறையாக வந்த நிரலை அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டிலேயே ஏற்றினார்கள்.

“முதல் சவாரி நம்ம டீமுக்குத்தான். ஏறுங்க, ஏறுங்க!” என்றார் தணிகாசலம்.

முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். மந்தைகள் என்று மனத்துக்குள் காறித் துப்பியபடி, கதவு மூடும்வரை வாய் திறக்காமல் நின்றாள் பூங்கோதை. பிறகு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

அவளுக்கு முன்னால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தணிகாசலம் இறங்கிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரும்மா” என்றார், திரும்பிப் பார்க்காமலே.