ஒரு எழுத்துகூட வராது

“எம்மா? எம் ஃபார் மூட்டைப்பூச்சி! ஆமாம்ப்பா, கடிக்குமே, அதேதான்!”

கூடத்தின் நடுவில் நின்று, பழைய பட்டன் போனில் கத்திக்கொண்டிருந்தாள் மனைவி. நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கணவருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

அவர் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் கப்பல்களோடு ரேடியோவில் பேசி ஓய்வு பெற்றவர். ‘ஏ’ என்றால் ஆல்ஃபா, ‘சி’ என்றால் சார்லி, ‘கே’ என்றால் கிலோ; பேச்சை முடித்தால் ‘ஓவர்’. எழுத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் புயலிலும் பிசகாது என்பது அவர் வேதம். வேலை முடிந்ததும் வேதம் வீட்டுக்கு வந்துவிட்டது. குளியலறையிலிருந்து டவல் கேட்டால்கூட, ‘டி’க்கு உரிய “டேங்கோ!” என்றுதான் குரல் வரும்.

போன வாரம் சம்பந்தியாகப் போகிறவருக்குப் போனில் முகவரி சொன்னார், இதே பாணியில்.

“சார்லி யாருங்க? உங்க மாடியில குடியிருக்கறவரா?” என்று அவர் கேட்க, பக்கத்தில் இருந்த மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள்.

“இனிமே என் வாயிலேர்ந்து ஒரு எழுத்துகூட வராது!” என்றார் கணவர். வரவில்லை. சோறு, தண்ணீர், விசிறி எல்லாமே சைகைதான்.

இன்று மாலை அதே சம்பந்தி கல்யாணத் தேதி பேச வருகிறார்.

“அப்பா இப்படி உம்முனு உக்காந்திருந்தா, பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னு நெனச்சு எழுந்து போயிடுவாங்கம்மா,” என்று காலையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள் மகள். கெஞ்சியும் பார்த்தாயிற்று. கல்லில் நார் உரித்த கதைதான்.

இந்த லட்சணத்தில், வராத ஒரு பார்சலுக்கு நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள் மனைவி.

“அடுத்தது சி. சி ஃபார் சீப்பு!”

பேப்பர் நடுங்கியது.

“அப்புறம் கே. கே ஃபார் நைஃப்! என்னது, ‘என்’னு எழுதிட்டியா? உன்மேல தப்பில்லப்பா. எடுத்துச் சொல்ல இந்த வீட்ல ஆளில்ல.”

பேப்பர் மூக்குவரை இறங்கியது. பெரிய இருமல் ஒன்று வந்தது. மனைவி திரும்பவே இல்லை.

“கடைசியா பி. பி ஃபார் ஃபோட்டோ!”

“பாப்பா!”

கர்ஜனையைக் கேட்டு மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “என்னைக் கூப்பிட்டீங்களாப்பா?”

“உன்னை இல்ல! பி ஃபார் பாப்பா! ஃபோட்டோவாம், ஃபோட்டோ! கேக்கறவன் ‘எஃப்’னு எழுதி வைப்பான். குடு இப்படி!”

போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. எதிரே கடல் இருப்பதுபோல ஜன்னலைப் பார்த்தார்.

“ஹலோ! கவனமா எழுதிக்குங்க. மைக்! சார்லி! கிலோ! பாப்பா! திருப்பிச் சொல்லுங்க, ஓவர்!”

பதில் இல்லை. சிக்னல் கோளாறு என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிதானமாக மறுபடி முழங்கினார். அப்போதும் பதில் இல்லை.

“திருப்பிச் சொல்லுய்யா! ஓவர்!”

மனைவி அவர் கையிலிருந்து போனை மெல்ல வாங்கி, மேஜை டிராயருக்குள் போட்டாள்.

“அது செத்து ஒரு மாசம் ஆச்சுங்க. சாயங்காலம் சம்பந்திகிட்டயும் இதே மாதிரி வாயத் தொறந்து பேசிடுங்க,” என்றாள். “ஓவர்.”