கனகம் தராத புதினா

“ஒரு காம்பு புதினா குடுங்கக்கா, வேரோட.”

“முடியாது.”

“உங்க வூட்டுது வேலி தாண்டி ரோட்டுக்கே ஓடிக்கினு கெடக்குதே!”

“ஓடட்டும். துவையலுக்கு இலை வேணா கிள்ளிக்கோ. நடறதுக்குக் காம்பு தரமாட்டேன்.” ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கனகம் உள்ளே போய்விட்டாள்.

மலர்கொடிக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. அந்த வரிசைக் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கனகம் கொடுத்த செடிதான். கைராசிக்காரி, காய்ந்த குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று பேர் வாங்கியவள். யார் கேட்டாலும் அள்ளிக் கொடுக்கிறவள், பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் இல்லை என்கிறாளே!

இது துவையல் ஆசை இல்லை, மானப் பிரச்சினை. புருஷன் மணிமாறன் மைன்ஸில் பர்மனென்ட் ஆகி, மந்தாரக்குப்பம் வாடகை வீட்டிலிருந்து இங்கே வந்ததிலிருந்து மலர்கொடி வைத்த எதுவும் பிழைக்கவில்லை. ரோஜா கருகியது. கத்தரி அழுகியது. நாத்தனார் விருத்தாம்பாள் சும்மா இருப்பாளா?

முத்தாண்டிக்குப்பத்தில் அவள் புது வீடு கட்டுகிறாள். குடிபோகும் நாளன்று வாசலில் தென்னங்கன்று நடவேண்டும். அதைப் பிறந்த வீட்டு அண்ணனும் அண்ணியும் சேர்ந்து நடுவதுதான் அவர்கள் குடும்ப வழக்கம். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் சொல்லிவிட்டாள்:

“அண்ணன் மட்டும் நடட்டும். அண்ணி கைய வைக்கவேணாம். அது தொட்டா பட்டுப்பூடும்.”

அன்றைக்கு பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள் மலர்கொடி. குடிபோவதற்குள் ஒரு செடியையாவது தழைக்க வைத்து அவள் வாயை அடைக்கவேண்டும். அதற்குத்தான் புதினா. அதிலும் மண்ணைப் போட்டுவிட்டாள் கனகம்.

“போயேன்! நீ குடுக்காட்டி எனக்குப் புதினாவே கெடைக்காதா?”

மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கினாள். இலையை ஆய்ந்து எடுத்துக்கொண்டு தண்டையெல்லாம் கொல்லையில் நட்டாள்.

மறுநாளே வேலிக்கு அந்தப் பக்கம் ஜாடைப் பேச்சு ஆரம்பம். கனகம் தன் வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி:

“ஏங்க, சில பேர் புதினாவை மொட்டை வெயில்ல போட்டுக் கருவாடு காயவைக்கிறாங்க, பாத்தீங்களா?”

மலர்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று பிடுங்கி, முருங்கை நிழலில் நட்டாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும். “சில பேர் அதைத் தாமரைன்னு நெனச்சுக்கிட்டுத் தண்ணியிலயே முக்கறாங்க!”

பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைக் குறைத்தாள். அட, துளிர் விட்டதே! அந்த சந்தோஷத்தையாவது அனுபவிக்க விட்டாளா?

“துளிர்த்துடுச்சாம். இனிமே கையே வைக்காம அழகு பாத்துக்கிட்டு நிப்பாங்க. அது நெட்டையா வளந்து சாயப்போவுது.”

“சாயுமா? என் செடி சாயுமா?” கத்தரிக்கோலை எடுத்து நறுக் நறுக்கென்று நுனியையெல்லாம் வெட்டித் தள்ளினாள். ஆத்திரத்தில் செய்ததுதான். ஆனால் வெட்டிய இடத்திலெல்லாம் ரெண்டு ரெண்டாகக் கிளைத்து, கொல்லை பூராவும் பச்சைப்பசேலென்று மண்டிவிட்டது.

பத்திரிகை வைக்க வந்த விருத்தாம்பாள் கைகழுவக் கொல்லைப் பக்கம் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னா அண்ணி இது, காடு மாதிரி கெடக்குது!” உடனே முகம் மாறியது. “ஓ, பக்கத்து வூட்டு அக்கா குடுத்ததா? அதான பாத்தேன். அவங்க கைராசி அப்படி.”

“யாரு, அந்த மகராசியா?” மலர்கொடி வெடித்தாள். “கெஞ்சிக் கேட்டும் ஒரு காம்பு தரலை! மார்க்கெட்ல வாங்குன கட்டு இது. நட்டது நான், வளத்தது நான்!”

வேலிக்கு மேல் கனகத்தின் தலை தெரிந்தது. “ஆமாம்மா. எங்க வீட்டுச் செடி ஒண்ணுகூட அங்க வரலை. வேணும்னா கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்.”

விருத்தாம்பாள் ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்தாள். கம்மென்று வாசம். அசடு வழிந்தாள்.

“அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் அண்ணி. மனசுல வச்சிக்காதீங்க. கன்னு நீங்கதான் நடணும். எல்லாரும் பாக்க உங்க கையால நடணும்.”

மலர்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டாள்! நாத்தனாரை பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு, புதினாவைக் கைகொள்ளாமல் அறுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். குத்திக்காட்டத்தான்.

“இந்தாங்க. நாங்கல்லாம் கேக்காமலே குடுக்கறவங்க.”

கனகம் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். அதுதான் மலர்கொடிக்குத் தாங்கவில்லை.

“ஊருக்கே குடுக்கறீங்க. எனக்கு மட்டும் ஏங்க்கா இல்லைன்னீங்க?”

“உன் நாத்தனா பேசினதை மணிமாறன் ஷிப்ட்ல எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக் கண்கலங்கினாராம்” என்றாள் கனகம். “நான் ஒரு காம்பு குடுத்திருந்தாலும், இன்னிக்கு அவ தென்னங்கன்னு நட என்னையில்லடி கூப்பிட்டிருப்பா!”