ஊற்றங்கரை அழகி

"யாருங்க இவ? இப்பச் சொல்றீங்களா, இல்ல பூசிடட்டுமா?"

நஸ்மியா கறுப்புச் சாயம் சொட்டும் தூரிகையைப் படத்துக்கு நேராக நீட்டினாள். ராமல்லா கண்காட்சிக்குப் படத்தை ஏற்றிப்போக வண்டி வாசலுக்கே வந்துவிட்டது. அவள் கணவர், ஓவியர் அபூ நாயிஃப், பதறி ஓடிவந்தார். கையிலிருந்த தேநீர் சட்டையில் சிந்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நஸ்மியா, கண்ணு, ஆறு மாச உழைப்பு! அது சும்மா ஊத்துல தண்ணி எடுக்கற ஒரு பொண்ணு. நம்மளை நம்ம ஊரை விட்டுத் துரத்தினப்போ ஒரு போட்டோகூட எடுத்துட்டு வரல. எல்லாம் ஞாபகத்துல இருந்துதானே வரையறேன்?"

"அதைத்தான் கேக்கறேன்! மசூதியை இடம் மாத்தி வச்சிருக்கீங்க. எங்கப்பாவோட கழுதைக்கு ரெண்டு காதும் ஒரே பக்கம். என் மூஞ்சியோ பூசணிக்கா. இவளுக்கு மட்டும் இமைமுடி வரைக்கும் ஞாபகமா?"

அபூ நாயிஃப் தூரிகையைப் பிடுங்கக் கை நீட்டினார்; அவள் விலகிக்கொண்டாள்.

"அந்த அங்கியைப் பாருங்க. நம்ம ஊர்ப் பொண்ணுங்க மாருல சைப்ரஸ் மரம்தான் பின்னுவோம். இது காஸாப் பக்கத்துத் தாயத்துப் பின்னல். இவ காஸாக்காரி!" என்றவள், படத்தருகே குனிந்தாள். "அட, இவளை எனக்கே தெரியுமே! நெட்டச்சி. முக்காட்டால மூக்கை மூடிட்டு நிப்பா. வாயே திறக்கமாட்டா. ஊமைப் பொண்ணுன்னு பாவப்பட்டு நான்தான் குடத்தைத் தூக்கிவிடுவேன்."

"உனக்கு எப்பவும் இளகின மனசு."

"பேச்சை மாத்தாதீங்க! உங்கம்மா உங்களுக்கு என்னைப் பொண்ணு கேட்டு வந்ததை இவகிட்டதான் சொன்னேன். 'அந்த ஒட்டக மூஞ்சியைக் கட்டிக்கமாட்டேன்'னேன். உடனே குடத்தைப் போட்டு உடைச்சிட்டு ஓன்னு அழுதா. உங்க மேல எவ்வளவு ஆசை இருந்தா அப்படி அழுதிருப்பா! நீங்களும் இத்தனை வருஷமா அவளையே மனசுல வச்சிருக்கீங்க!"

நஸ்மியாவுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தூரிகை அந்த அழகியின் கண்ணை நெருங்கிவிட்டது.

"நிறுத்து! நீ ஒட்டக மூஞ்சின்னு சொல்லல," என்று அலறினார் அபூ நாயிஃப். "சுட்ட கத்தரிக்கா மூக்கன்னு சொன்ன. அதைக் கேட்டுத்தான் அழுதேன். ஆம்பளைங்க ஊத்துப் பக்கம் வந்தாலே கல்லால அடிப்பீங்க. உன்னைப் பாக்க வேற வழியில்லாம, காஸாவுல இருந்து வாக்கப்பட்டு வந்த எங்க சித்தியோட அங்கியைத் திருடி மாட்டிக்கிட்டு வந்தேன்!"