கைதட்டல்

கணவர் போன பிறகு கோமதிநாயகிக்குத் துணை அவருடைய குரல்தான். தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து, அறுபதாம் கல்யாணத்தில் அவர் பேசிய பதிவை, சொன்னதைக் கேட்டுப் பதில் பேசும் வீட்டுப் பெட்டியிடம் போடச்சொல்லிக் கேட்பாள்.

"எங்க வீட்டுக்காரி ரொம்ப அடக்கமானவ. என்னை எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல."

உடனே மண்டபமே கைதட்டும்.

பதிவில் உள்ள பழைய சொற்களை இக்கால வழக்குக்கு மாற்றிச் சொல்லும் வசதி நேற்றுதான் பெட்டிக்கு வந்திருந்தது. இன்று அதே குரல், அதே பெருமிதத்தோடு, "எங்க வீட்டுக்காரி ரொம்பப் பயந்தவ" என்றது. மண்டபம் கைதட்டியது.

"அவர் அப்படிச் சொல்லலையே! மாத்து."

"'அடக்கமானவ'ங்கிறத இப்ப யாரும் பாராட்டாச் சொல்றதில்லம்மா" என்றது பெட்டி. " பயந்தவங்கிறது தப்புன்னா, வேற என்ன போடட்டும்?"

அவள் யோசித்தாள். அவர் செருமினாலே கரண்டியை நழுவவிட்ட தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். காபியில் ஆடை படிந்தது. 'நீ பயந்தவ எல்லாம் இல்லடி' என்று சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.

"வார்த்த இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "கைதட்டல மட்டும் எடுத்துரு."