சொந்தப் பெயர்

இன்ஸ்பெக்டரின் மண்டை சுவரில் மோதியது. நெற்றியில் ரத்தம் வழிய அவர் சரிந்தபோதும், கழுத்தைக் கவ்விய விரல்கள் விடவில்லை.

"சாவுடா நாயே!"

"கட்! ரத்தம் பத்தல. இன்னொரு தடவை எடுத்துருவோம்" என்றாள் இயக்குநர் ஃப்ராவ்கே. மேக்கப் பெண் சிவப்புச் சாயத்தோடு ஓடிவந்தாள்.

கொலைகாரனாக நடிக்கும் ஆன்ஸ்கார் கையை உதறிக்கொண்டார். நிஜமாகவே கொன்றுவிடலாம் போலிருந்தது அவருக்கு. இன்ஸ்பெக்டராக நடிக்கும் வோல்க்மரும் அவரும் ஒரே நடிப்புப் பள்ளி, ஒரே அறை, ஒரே தட்டு. இன்ஸ்பெக்டர் வேடத்துக்கு முதலில் தேர்வானவர் ஆன்ஸ்கார்தான். 'அவன் மொடாக் குடிகாரன்' என்று தயாரிப்பாளர் காதில் ஓதி, அதைத் தட்டிப் பறித்தவன் இந்த வோல்க்மர்.

அன்றிலிருந்து ஞாயிறு மாலையானால் ஜெர்மனியே டிவி முன்னால் உட்கார்ந்து வோல்க்மரைப் பார்க்கிறது. ஆன்ஸ்காருக்கு எந்தத் தொடரிலும் கொலைகாரன் வேடம்தான். ரொட்டிக் கடையில்கூட, "அந்தக் கொலைகாரன் வந்திருக்கான் பாரு" என்பார்கள். பெயர் ஒருவருக்கும் தெரியாது.

இன்றைக்கு இன்ஸ்பெக்டர் சாகும் கடைசிக் காட்சி. காலையில் பார்த்ததுமே வோல்க்மர் கை நீட்டினார். "வாங்க கொலைகாரரே! நல்லா இருக்கீங்களா?"

'வாங்க'வாம்! ஒரே தட்டில் தின்றவனுக்கு மரியாதை! ஆன்ஸ்காருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்று மேக்கப் பெண் அப்போது சிரித்தாள். "இப்பல்லாம் எல்லாரையும் வேஷத்துப் பேராலதான் கூப்பிடறாரு. பாத்திரத்துக்குள்ளயே வாழறாராம்!"

ஃப்ராவ்கே மறுபடி குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் கேளுங்க. 'விடு, ஐயோ'ன்னு கத்தினா நடிப்புன்னுதான் நினைப்போம். நிஜமா வலிச்சா எதிராளியோட சொந்தப் பேரைச் சொல்லணும். பேரைக் கேட்டதும் கையை எடுத்துரணும்."

சண்டைக் காட்சிகளில் அந்தக் குழுவின் சட்டம் அது. ஆன்ஸ்கார் முடிவு செய்துவிட்டார். இந்த முறை நிஜமாகவே நெரிப்பது. இவன் வாயாலேயே, இத்தனை பேர் கேட்க, 'ஆன்ஸ்கார், விட்டுடு' என்று கெஞ்ச வைப்பது.

"ஆக்‌ஷன்!"

கட்டைவிரல்கள் குரல்வளையில் புதைந்தன. வோல்க்மர் கால்களை உதறினார், ஆன்ஸ்காரின் மணிக்கட்டை ரத்தம் வரப் பிறாண்டினார். பேச மட்டும் வழிவிட்டு ஆன்ஸ்கார் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"விடுங்க... ஐயோ... விடுங்க..."

பெயர் வரவில்லை. செத்தாலும் சொல்லமாட்டானா? அவ்வளவு திமிரா? வெறியோடு மறுபடி நெரித்தார். முகம் கறுத்தது. கண்கள் செருகின.

"கட்! பிரமாதம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். வோல்க்மர் தரையில் புரண்டு இருமினார், எச்சிலில் நிஜ ரத்தம். ஆன்ஸ்காருக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"செத்திருப்பேடா மடையா! என் பேரைச் சொல்லித் தொலைச்சிருந்தா விட்டிருப்பேன்ல?"

வோல்க்மர் அவர் முகத்தையே பார்த்து விழித்தார். பிறகு அவருடைய கையை இறுகப் பற்றிக்கொண்டு காதோடு கேட்டார்:

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... உங்க பேரு என்ன?"