இனி "இல்லை" என்று வராது

"இன்ஜினியர் மேடம், உங்க பொட்டி பதினேழு நாளா அந்தம்மாவுக்கு ஒரே பதிலச் சொல்லிக்கினு இருக்குது. என்னை நிக்க வெச்சி 'இல்ல, இல்ல'ன்னு சொல்லச் சொல்லியிருந்தா கரண்டாச்சும் மிச்சம்" என்று சிரித்தார் காவலாளி விருத்தாசலம்.

பானுப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திண்டிவனத்து மருத்துவமனை ஒன்றில், விபத்துப் பிரிவில் சேர்க்கப்பட்டோரின் பெயரைத் தேடித் தரும் அந்தத் தொடுதிரையை வடிவமைத்தவர் அவரே. தேடல் பதிவில் நாள்தோறும் ஒரே பெயர் தோல்வியுற்றிருந்தது: அறிவுச்செல்வன்.

"எழுத்துலதாண்ணே கோளாறு. அட்மிஷன் போடறவங்க ஒருத்தர் 'ச்' போடறாங்க, இன்னொருத்தர் செல்வம்னு எழுதிடறாங்க. பாவம், பெத்த புள்ளையப் பாக்க முடியாமத் திரும்பிப் போறாங்க. இனிமே கிட்டத்தட்ட இருக்கற பேரையும் காட்டும்."

"என்னைக் கேளும்மான்னா, மெஷினே போதும்னுது. 'இல்லை'ன்னு வந்ததும் சிலுவை போட்டுக்கினு, வெளிய போயி டீ குடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுது. என்னா மனசோ!"

பத்து மணிக்குக் கிளியனூர்ப் பேருந்திலிருந்து இறங்கி, அந்தத் தாய் லூர்துமேரி வந்து சேர்ந்தார். பானுப்ரியா எழுந்து நின்று வணங்கினார்.

"வாங்கம்மா. இன்னைக்கு நீங்க வெறுங்கையோட போக மாட்டீங்க. அழுத்திப் பாருங்க."

லூர்துமேரி ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார். திரை ஒளிர்ந்தது: 'அறிவுசெல்வம். தீவிர சிகிச்சைப் பிரிவு. நேற்று மாலை.'

"ஏசுவே!"

சரிந்தவரை விருத்தாசலம் தாங்கிப் பிடித்து, நாற்காலியில் அமர்த்தினார். பானுப்ரியா பதற்றத்துடன் முழு விவரத்தையும் திறந்தார்.

"வயசு அறுபத்திரண்டு, ஊரு மரக்காணம்... உங்க பையன் இல்லம்மா, வேற யாரோ பெரியவரு. தயவுசெஞ்சி மன்னிச்சிடுங்க. உங்க பையன் பேரை எப்படியாச்சும் நான் கண்டுபிடிச்சித் தர்றேன்."

லூர்துமேரி அவசரமாக அவர் கையைப் பற்றித் தடுத்தார்.

"வாணாம்மா! கோச்சிக்கினு பைக்க எடுத்துக்கினு போனவன், இன்னும் போன் எடுக்கல" என்றார், மூச்சு வாங்க. "அவன் பேரு இதுல இல்லன்னு பாத்துட்டுப் போவத்தாம்மா தெனம் வர்றேன்."